சரிவில் ஓடும் மரவண்டி: குழந்தைகளோடு சேர்ந்து செய்வது எப்படி?

எஞ்சின் கிடையாது, பெடலும் கிடையாது. மேட்டில் வைத்து விட்டால் புவியீர்ப்பு விசையே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பலகையும் நான்கு சக்கரமும் இருந்தால் ஓடும் வண்டி தயாராகிவிடும். அதை நிற்க வைப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் பிரேக்குக்கே அதிக இடம்.

ரம்பமும் டிரில்லும் பெரியவர் கையில் இருக்கட்டும். அளப்பது, கோடு போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, நட்டு முறுக்குவது எல்லாம் குழந்தைகளின் பங்கு. வேடிக்கை பார்க்க மட்டும் விட்டால் அரை மணி நேரத்தில் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

1. உடல்

நடுப்பலகை 4 செ.மீ. தடிமன், 20 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். குறுக்கே வைக்க 75 செ.மீ. நீளத்தில் இரண்டு கட்டைகள், 10 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிமனும் போதும். பின்கட்டையைப் பலகையின் அடியில், பின்முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளி, நான்கு போல்ட் போட்டு அசையாமல் பொருத்துங்கள். ஆணி வேண்டாம், அதிர்வில் கழன்று வந்துவிடும்.

2. சக்கரம்

பழைய குழந்தை வண்டியின் சக்கரங்களை அச்சோடு கழற்றி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. 20 முதல் 30 செ.மீ. விட்டம் நல்லது. நாற்காலிக்கு அடியில் இருக்கும் சிறிய உருளைகள் சின்னக் கல்லிலும் சிக்கி நின்றுவிடும். இரும்பு அச்சைக் கட்டைகளின் அடியில் யு வடிவக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அச்சு சுழலக்கூடாது, அதன்மேல் சக்கரங்கள் தனித்தனியே சுழல வேண்டும். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதே காரணம். சக்கரத்தின் இருபுறமும் வாஷர், கடைசியில் காட்டர் பின் (அச்சு முனைத் துளையில் செருகி வளைத்துவிடும் கம்பி).

3. திருப்பும் அமைப்பு

முன்கட்டையை 12 மி.மீ. போல்ட் ஒன்றில் மட்டும் நிறுத்துங்கள். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே கிரீஸ் தடவிய பெரிய வாஷர்கள் இரண்டு இருக்க வேண்டும். ஒரு நட்டை அளவாக முறுக்கி, அதன்மேல் இன்னொன்றைப் போட்டு இறுக்கினால் கழலாது. கட்டையின் இரு முனைகளிலும் கயிறு கட்டுங்கள். வலப்பக்கம் இழுத்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். கயிற்றைக் குறுக்காகப் போடாதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது தடுப்புக்கட்டை. முன்கட்டையின் பின்விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி, பலகையின் அடியில் இரு ஓரங்களிலும் சிறு கட்டைகளைத் திருகிவிடுங்கள். சக்கரம் அளவுக்கு மீறித் திரும்பினால் வண்டி கவிழும். இவை அதைத் தடுக்கும்.

4. இருக்கை

குழந்தையைப் பலகைமேல் உட்கார வைத்து, முழங்கால் லேசாக மடங்கிய நிலையில் பாதம் முன்கட்டையைத் தொடும்போது அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் குறியுங்கள். அங்கே பிளைவுட் இருக்கையும் முதுகுக்கு ஒரு சாய்மானமும் போதும். உட்காரும் உயரம் கூடக் கூடக் கவிழும் வாய்ப்பும் கூடும்.

5. பிரேக்

இருக்கைக்குச் சற்று முன்னால், பலகையின் இருபக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக 50 செ.மீ. நீள மரத்தண்டு வேண்டும். ஒரே பக்கம் பிரேக் வைத்தால் அது வண்டியை அந்தப் பக்கமே இழுக்கும். பலகையின் அடியில் தடித்த கட்டையைத் திருகி, அதன் பக்கவாட்டில் தண்டை போல்ட் போட்டு மாட்டுங்கள். போல்ட்டுக்குக் கீழே உள்ள பகுதி, போல்ட்டிலிருந்து தரை வரையிலான உயரத்தைவிட 3 செ.மீ. நீளமாக இருக்கட்டும். கீழ்முனையில் பழைய டயர்த் துண்டைச் சுற்றித் திருகுங்கள்.

சும்மா இருக்கும்போது தண்டின் கீழ்முனை பின்னால் சாய்ந்து, தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். ரப்பர் பட்டை ஒன்று அதை அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியாக இருக்கும் தண்டின் மேல்முனையைப் பின்னோக்கி இழுத்தால் கீழ்முனை முன்னோக்கி வந்து தரையில் உரசும். கையை விட்டால் தரையே அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். திசையை மாற்றிப் பொருத்தினால் தண்டு தரையில் குத்தி நின்று வண்டியைத் தூக்கிவிடும். இதை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

6. ஓட்டம்

முதலில் சமதளத்தில் தள்ளிவிட்டுத் திரும்புவதையும் நிற்பதையும் பழக்குங்கள். பிறகுதான் சரிவு. உராய்வை மறந்து கணக்குப் போட்டால், 25 செ.மீ. உயரம் இறங்கும் வண்டி மணிக்கு சுமார் 8 கி.மீ. வேகம் எடுக்கும், 1 மீட்டர் இறங்கினால் சுமார் 16 கி.மீ. உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்கு. உண்மையில் உராய்வு இதைக் கொஞ்சம் குறைக்கும். ஆக, வேகத்தை முடிவு செய்வது நீங்கள் புறப்படும் இடம்தான். கீழிருந்து தொடங்கி, பிரேக் நம்பிக்கை தந்த பிறகு ஓரிரு அடியாக மேலே ஏறுங்கள். 'இன்னும் மேலே' என்று கெஞ்சுவார்கள், அசையாதீர்கள்.

வாகனம் வராத, அடியில் நீண்ட சமதளம் உள்ள சரிவு வேண்டும். ஹெல்மெட், மூடிய ஷூ, கையுறை கட்டாயம். ஒரு வண்டியில் ஒருவர்தான். நான்கைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை ஸ்பேனரைக் குழந்தையிடமே கொடுத்து எல்லா நட்டுகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வண்ணம் அடிப்பதை இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.