சிறுவர் புத்தகக்கடை இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தீம் (தளத்துக்கான ஆயத்த வடிவமைப்பு) வாங்கி, நூல் பட்டியலை ஏற்றி, பணம் செலுத்தும் வழியை இணைத்துவிட்டால் ஒரு வாரத்தில் கடையின் புதிய தளம் தயார். அப்படித் திறக்கும் புதியவர்களின் தவறுகளைக் கவனித்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. இந்த வேலையில் பழுத்தவர்கள் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறுகள்தான். அட்டைப்படம் மங்கல், விலையில் பிழை, போனில் பார்த்தால் பக்கம் உடைவது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவை முதல் நாளே கண்ணில் படும். யாராவது திட்டுவார்கள், சரியாகிவிடும். கண்ணில் படாமல் காசைத் தின்பவை வேறு.

பழைய முகவரிகளை அந்தரத்தில் விடுவது

சில ஆண்டுகள் ஓடிய கடைத்தளத்துக்கு வெளியிலிருந்து எத்தனை வழிகள் வந்து சேர்கின்றன என்று கடைக்காரருக்கே தெரியாது. ஓர் ஆசிரியர் தன் வாசிப்புப் பட்டியலில் இணைப்புக் கொடுத்திருப்பார். ஓர் ஓவியர் ‘இங்கே கிடைக்கும்’ என்று தன் பக்கத்தில் போட்டிருப்பார். பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். கடையே அச்சடித்துக் கொடுத்த புத்தகக்குறியில் கியூஆர் கோடு இருக்கும். அச்சில் போனதைத் திரும்ப வாங்க முடியாது. இவற்றில் பெரும்பாலானவை முகப்புக்கு வருபவை அல்ல, குறிப்பிட்ட ஒரு நூலின் பக்கத்துக்கு வருபவை.

தளம் மாறினால் முகவரி மாறும். ஷாப்பிஃபை என்ற கடைத்தளச் சேவையில் நூல் பக்க முகவரியின் முன்பகுதி அவர்கள் வைத்ததுதான். பழையபடி அமைக்க வழியில்லை. பழைய இணைப்பைத் தொட்டவருக்கு 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை வரும். கூகுளும் அதையே பார்த்துவிட்டு நாளடைவில் அந்தப் பக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுத்துவிடும். இரண்டு மாதம் கழித்து ஆர்டர் குறைந்திருப்பது தெரிந்ததும் பொத்தானின் நிறத்தை மாற்றுவார்கள், முகப்புப் படத்தை மாற்றுவார்கள். தளத்துக்கு யார் எந்தப் பக்கம் கேட்டு வந்தார்கள் என்று பதியும் சர்வர் லாகைத் திறந்தால் 404 வரிசைகட்டி நிற்கும். அதைத் திறக்கத்தான் ஆள் இருக்காது.

இதைவிட எரிச்சல் தருவது, ‘பழையதை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிட்டோம்’ என்ற பதில். குறிப்பிட்ட ஒரு நூலைத் தேடி வந்தவரை முகப்பில் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? மூடிவிட்டுப் போவார். கூகுளும் ஏமாறுவதில்லை, சம்பந்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பியதை ‘சாஃப்ட் 404’ என்று வைத்து, இல்லாத பக்கமாகவே நடத்தும்.

செய்ய வேண்டியது இது. பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே அதன் முகவரிகளை எல்லாம் திரட்டுங்கள். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் சைட்மேப் மட்டும் போதாது. அதில் பட்டியலிலிருந்து நீக்கிய நூல்கள் இருக்காது. கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தேடல் தரவை வைத்திருக்கும், ஆனால் அங்கிருந்து நேரடியாக இறக்கினால் 1,000 வரிகள்தான் கிடைக்கும். அதனால் சர்வர் லாக், வெளி இணைப்புப் பட்டியல், அனுப்பிய மின்மடல்கள், அச்சடித்த கியூஆர் கோடுகள் என எல்லாவற்றையும் சேருங்கள். பிறகு எக்ஸெலில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட ஒரு தாள்: பழைய முகவரி, ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண், புதிய முகவரி. பழையதையும் புதியதையும் இணைக்கும் ஆணி நடுவில் இருக்கும் ஐஎஸ்பிஎன்தான். தலைப்பை வைத்து இணைத்தால் ஒரே கதையின் கெட்டித்தாள் பதிப்பும் சாதாரண அட்டைப் பதிப்பும் ஒன்றாகிவிடும். கைக்குழந்தைக்குக் கெட்டித்தாள் நூல் கேட்டவருக்குக் கிழியும் தாள் போய்ச் சேரும். பதிப்பு வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன் இருப்பதே இதற்காகத்தான்.

அந்த ஆணியையும் எக்ஸெல் பிடுங்கிவிடும். 13 இலக்க எண்ணைக் குறுகலான கலத்தில் இட்டால் அது அடுக்கெண்ணாகச் சுருங்கி, முன்னால் 9.78 மட்டும் தெரியும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கோப்பில் எழுதப்படுவது கண்ணில் தெரிந்த சுருக்கம்தான். மறுபடி திறந்தால் நூற்றுக்கணக்கான நூல்களுக்கு 9780000000000 என்ற ஒரே எண். மீட்க வழியில்லை, மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். 2007-க்கு முந்தைய நூல்களின் 10 இலக்க எண் சுழியத்தில் தொடங்கினால் அந்தச் சுழியமும் உதிரும். கோப்பை நேரடியாக இருமுறை தட்டித் திறக்காமல், இறக்குமதி வழியாகப் போய் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துத் திறவுங்கள். சரிபார்க்கவும் எளிய வழி உண்டு: 13 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை 10-ஆல் வகுபட வேண்டும். மேலே சொன்ன சுழிய வரிசைக்கு 38 வரும், உடனே மாட்டிக்கொள்ளும்.

வேர்ட்பிரஸில் தளமும் அதன் வூகாமர்ஸ் செருகியில் கடையும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பொறிகள் கூடுதல். முகவரியில் தமிழ் எழுத்து வைத்தால், ‘க’ என்ற ஓர் எழுத்தே உள்ளே 9 குறிகளாகப் பதிவாகும். ‘கி’ என்றால் 18. ஸ்லக்குக்கு, அதாவது முகவரியின் கடைசிப் பகுதிக்கு இடம் 200 குறிகள்தான். ஆக, புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்பட்டு, 22 குறியீடுகளில் தலைப்பு வெட்டுப்படும். நீளமான தொடர் நூல்கள் எல்லாம் ஒரே வெட்டில் நின்று, கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டு அலையும். ஐஎஸ்பிஎன்னையே முகவரியில் வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை. இரண்டாவது பொறி, வேர்ட்பிரஸின் ஊகம். இல்லாத முகவரி கேட்கப்பட்டால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு பக்கத்துக்கு அது தானாகவே அனுப்பப் பார்க்கும். நீங்கள் பாகம் 1-க்கு வழி போடாமல் விட்டால் வாசகர் பாகம் 10-இல் போய் இறங்கலாம். 404 வராததால் உங்களுக்கும் தெரியாது.

திருப்புவது 301-ஆக, அதாவது நிரந்தர மாற்றமாக இருக்கட்டும். 302 தற்காலிக மாற்றத்துக்கானது. ஒரே பாய்ச்சலில் புதிய பக்கம் வர வேண்டும். போன முறை தளம் மாற்றியபோது போட்ட திருப்பல்கள் இருந்தால் அவற்றையும் புதிய முகவரிக்கே நேராக மாற்றுங்கள், சங்கிலியாக விடாதீர்கள். அச்சில் இல்லாத நூலின் பக்கத்தையும் அழிக்க வேண்டாம். ‘இப்போது கிடைப்பதில்லை’ என்று எழுதி, அதே எழுத்தாளரின் மற்ற நூல்களைக் கீழே காட்டுங்கள். திறந்த அன்றே பட்டியல் முழுவதையும் ஒரு ஸ்கிரிப்டில் ஓட்டி, ஒவ்வொன்றும் 301 தந்து 200-இல் (பக்கம் சரியாக வந்தது என்ற குறி) முடிகிறதா என்று பாருங்கள். இந்தத் திருப்பல்களைக் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கிறது கூகுள். கியூஆர் கோடு அச்சடித்த கடையென்றால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

சோதனைத் தளத்தின் பூட்டு

கட்டும்போது தேடல் முடிவில் வராமலிருக்கப் போட்ட ‘நோ இண்டெக்ஸ்’ குறி. திறக்கும் நாளில் எடுங்கள்.

வயதைப் பெட்டிகளாகப் பிரிப்பது

0–2, 3–5, 6–8 என்று நூலுக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள். 4 முதல் 7 வயது வரைக்கான நூலை எந்தப் பெட்டியில் போடுவது? எதில் போட்டாலும் மற்றொன்றில் தேடுபவருக்கு அது இல்லாத நூல். தரவில் குறைந்த வயது, கூடிய வயது என்று இரண்டு எண்களாக வையுங்கள்; மூன்று வயதுக்குக் கீழே மாதக்கணக்கில். வாங்குபவரிடம் ‘குழந்தைக்கு என்ன வயது?’ என்று ஒரே எண்ணைக் கேளுங்கள். பேத்திக்கு வாங்க வந்த தாத்தாவுக்குத் தெரிந்தது அந்த ஓர் எண்தான்.

பதிப்பாளர்கள் நூல் விவரங்களை அனுப்பும் ஆனிக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பில் ஆர்வ வயதும் வாசிப்பு வயதும் தனித்தனிக் குறியீட்டில் வரும். இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டிவிடாதீர்கள். தாமதமாக வாசிக்கத் தொடங்கிய பத்து வயதுக்காரனுக்கு எளிய சொற்கள் வேண்டும், ஆனால் பொம்மைக் கரடிக் கதை கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

தேடல் பெட்டியை நம்பிவிடுவது

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரு குறிகளாக. திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு. பட்டியல் ஒரு விதத்திலும் வாசகரின் கீபோர்டு மறு விதத்திலும் இருந்தால், அலமாரியில் கிடக்கும் ‘கொக்கு’ கதைக்கு ‘முடிவுகள் இல்லை’ என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஐஎஸ்பிஎன்னைத் தேடும்போது இடையிலுள்ள கோடுகளையும் இடைவெளிகளையும் நீக்கிவிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பெற்றோருக்குத் தலைப்பு நினைவிருக்காது. ‘தொப்பி போட்ட யானை’ என்றுதான் தட்டுவார்கள். அட்டையில் இருக்கும் விலங்கு, நிறம், பொருள் ஆகியவற்றை பக்கத்தில் தெரியாத, தேடலுக்கு மட்டும் பயன்படும் குறிச்சொற்களாக ஏற்றுங்கள். முடிவு வராத தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறை படியுங்கள். அங்கே கிடைக்கும் தகவல் எந்த ஆலோசகரிடமும் கிடைக்காது.

ஒற்றைப் பிரதியை இருவருக்கு விற்பது

தனிக்கடையில் பல நூல்களுக்கு இருப்பு ஒன்றுதான். கல்லாவின் கணக்கும் தளத்தின் கணக்கும் இரவில் ஒருமுறை மட்டும் பேசிக்கொண்டால், காலையில் கடையில் விற்ற பிரதியை இரவு வரை தளமும் விற்றுக்கொண்டிருக்கும். விற்றவுடன் இருப்பு குறைய வேண்டும். முடியாதென்றால் இருப்பு ஒன்றாக உள்ள நூல்களுக்கு ‘உறுதிசெய்து அனுப்புவோம்’ என்று எழுதுங்கள். பணம் செலுத்தும் கட்டத்துக்கு வந்தவருக்குப் பதினைந்து நிமிடம் பிரதியைப் பிடித்து வையுங்கள், பிறகு விடுங்கள். கூடையில் போட்டதற்கெல்லாம் பிடித்து வைத்தால் கடை முழுக்க யாரோ மறந்துபோன கூடைகளில் கிடக்கும். கடையில் இருப்பதையும் வரவழைத்துத் தருவதையும் ஒரே பச்சை நிற ‘கிடைக்கும்’-இல் அடக்காதீர்கள், பிறந்தநாள் காத்திருக்காது.

முகப்பில் தானாக ஓடும் படங்கள்

வேண்டாம்.

கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்பது

வேண்டவே வேண்டாம். ஆர்டர் முடிந்த பிறகு கேளுங்கள்.

எடைப் பத்தியைக் காலியாக விடுவது

கெட்டித்தாள் நூல் சிறியதாக இருந்தாலும் கனம். எடை இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் அதைச் சுழியம் என்றே எடுத்துக்கொண்டு அனுப்பும் செலவைப் போடும். மிச்சத்தைக் கடை கட்டும். பொதிந்த நூலை ஒருமுறை தராசில் வைத்துக் கிராமில் பதியுங்கள். எடை கையில் இருந்தால் அனுப்பும் செலவை நூலின் பக்கத்திலேயே காட்டிவிடலாம். கடைசித் திரையில் அது முளைக்கும்போதுதான் கூடையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

பரிசை மறப்பது

வாங்குபவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர் என்பது இந்தக் கடையில் அன்றாடம். பணம் கட்டுபவரின் முகவரியும் அனுப்ப வேண்டிய முகவரியும் தனித்தனி. வாழ்த்து எழுத ஒரு பெட்டி, அதற்கு எழுத்து வரம்பு; அட்டையில் கையால் எழுதப்போகிறவர் எவ்வளவு எழுதுவார் என்று கேட்டு அந்த வரம்பை வையுங்கள். உள்ளே வைக்கும் சீட்டில் விலை அச்சாகக் கூடாது. இந்தப் படிவத்தில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் ஒவ்வொரு கட்டத்தைத் தொடும்போதும் திரை தானாகப் பெரிதாகி ஆடும். தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் எண் கீபோர்டு வரட்டும்.

பரபரப்பான வாரத்தில் திறப்பது

பள்ளி திறப்பு, விடுமுறை, பண்டிகைக்கு முந்தைய வாரங்களை விட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தால், உடைந்ததைச் சரிசெய்ய வெள்ளி வரை ஆட்கள் வேலையில் இருப்பார்கள்.