பாலித் தீவுப் பள்ளியில் சரஸ்வதி நாள்: நம்மவர் செய்யும் தவறுகள்

இந்தோனேசியாவின் பாலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சரஸ்வதி நாளில் தடுமாறக் காரணம், ‘நம் வீட்டுப் பூஜைதானே’ என்ற நினைப்பு. தெய்வம் ஒன்றுதான், முறை வேறு.

நாளிலேயே தவறு தொடங்கிவிடும். இது நவராத்திரியோடு வருவதில்லை. பாலியின் பவுக்கோன் நாட்காட்டிக்கு 210 நாள். அதன் கடைசி வாரமான வதுகுனுங்கில் வரும் சனிக்கிழமைதான் சரஸ்வதி. 2026இல் ஏப்ரல் 4, அக்டோபர் 31 என இரண்டு முறை.

புடவையோ வேட்டியோ கட்டியிருந்தாலும் இடுப்பில் செலெண்டாங் கச்சை இல்லாமல் சன்னதிக்குள் போகக்கூடாது. உள்ளூர் முறைப்படி உடுத்துவதென்றால் ஆண்களுக்குக் கமென் என்ற இடுப்புத் துணி, அதன்மேல் சுற்றும் சாபுட், தலையில் உடெங் என்ற தலைத்துணி. பெண்களுக்குக் கமென், கெபாயா என்ற மேல்சட்டை. மாதவிலக்கு, இறப்புத் தீட்டு உள்ளவர்கள் வெளியே நிற்பதே வழக்கம்.

அடுக்கிய புத்தகங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப் போகாதீர்கள். அங்கே அவற்றுக்குப் படையல் வைத்துத் தீர்த்தம் தெளிப்பார்கள், அவ்வளவுதான். பூஜை முடியும்வரை படிப்பதும் எழுதுவதும் கூடாது. அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டைக்கூட நீட்டாதீர்கள். ஆனால் விஜயதசமிவரை புத்தகத்தை மூடிவைக்கும் நம் வழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். முழுநாள் விரதம் இருப்பவர்கள்தான் 24 மணி நேரமும் தொடமாட்டார்கள். மற்றவர்கள் நண்பகலுக்குப் பிறகு படிக்கலாம். அன்றிரவு நூல்களை வாசிப்பது சிறப்பு என்றே கருதுகிறார்கள்.

அதிகம் பிசகுவது தீர்த்தத்திலும் பிஜா என்ற நனைத்த அரிசியிலும். நாம் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அங்கே பூசாரியான பெமாங்கு மூன்று முறை தெளிப்பார். பிறகு வலக்கை மேலாக, இடக்கை கீழாகக் குவித்து ஏந்தி மூன்று முறை பருக வேண்டும். அடுத்த மூன்று முறை வாங்கும் தீர்த்தத்தை முகத்திலும் தலையிலும் தடவிக்கொள்ள வேண்டும். உடனே எழுந்துவிடக் கூடாது, அடுத்து பிஜா வரும். அது முழு அரிசி. அட்சதை என்று நினைத்துத் தூவிவிடாதீர்கள். நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் ஒட்டிக்கொண்டு, சில மணிகளை மெல்லாமல் விழுங்க வேண்டும். முகம் ஈரமாக இருக்கும்போதே வைத்தால்தான் ஒட்டும், துடைத்துவிட்டால் உதிர்ந்துவிடும்.

படையலில் பல்லி உருவத்தில் அரிசி மாவுப் பலகாரம் இருக்கும். அது அறிவின் சின்னம். பிள்ளைகள் அருவருத்து ஒதுக்காதபடி முன்பே சொல்லிவையுங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: பிரசாதத்தில் கோழியோ வாத்தோ இருக்கலாம். பழமும் பலகாரமும் மட்டும் போதும் என்று ஆசிரியரிடம் முன்னாளே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

மறுநாள் ஞாயிறு விடியற்காலையில் பான்யு பினாருஹ். கடலிலோ ஊற்றிலோ நீராடுவார்கள். கடலுக்குப் போனால் பிள்ளைகளை முழங்கால் அளவுத் தண்ணீரோடு நிறுத்துங்கள்.