இன்ஜின் மாற்றிய பழைய அம்பாசிடரில் பழைய மீட்டர்களையே ஓட வைப்பது

மார்க் 2 அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, பிந்தைய அம்பாசிடரில் வந்த இசுஸு 1.8ஐ ஐந்து கியர் பெட்டியோடு ஏற்றினால் வண்டி சுகமாக ஓடும். டாஷ்போர்டு மட்டும் பொய் சொல்லும். வெயிலில் நெரிசலில் நின்றாலும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடக்கும், பெட்ரோல் முள் எப்போதும் ஃபுல்லில் நிற்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றி எறிய வேண்டாம். மீட்டரும் அதன் யூனிட்டும் (சூட்டையோ பெட்ரோல் மட்டத்தையோ உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சார்) ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றது தவறாகத்தான் காட்டும். புது இன்ஜினின் யூனிட்டில் பழைய மீட்டரைக் கட்டுவதைவிட, பழைய யூனிட்டைப் புது இன்ஜினில் உட்கார வைப்பதே நல்லது.

(இன்ஜின் மாற்றத்துக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். அதை முடிக்காமல் மீட்டரில் கை வைத்துப் பயனில்லை.)

முதலில் எர்த்

புது ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜினுக்குப் பாடியோடு தொடர்பே இருக்காது. பேட்டரி கேபிள் தடிமனில் ஒரு எர்த் பட்டையை பிளாக்கிலிருந்து சேஸிசுக்குப் போடுங்கள், அடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள், ஸ்பீடோ கேபிள் வழியாக ஓடி அவற்றைச் சுட வைக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி பக்கத்து வண்டி என்றால் ஒவ்வொரு டெர்மினலிலும் பச்சை பூத்திருக்கும். சுரண்டி, புது லக் (வயர் முனை வளையம்) அழுத்தி, மேலே வாசலின் தடவுங்கள். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயரையும் தேட வேண்டும். இன்னொன்று: மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் பாடியில் இருக்கலாம். அப்படியே ஆல்டர்னேட்டரைக் கட்டினால் டயோடு போய்விடும். மைனஸ் எர்த்துக்கு மாற்றிவிட்டு, ஆம்ப்ஸ் மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

டெம்பரேச்சர் மீட்டர்

மீட்டரின் பின்னாலிருந்து மெல்லிய செம்புக் குழாய் போகிறதா, வயர் போகிறதா என்று பாருங்கள். குழாய் என்றால் உள்ளே ஈதர். வெட்டினாலோ மடிந்து ஒடிந்தாலோ மீட்டர் செத்தது, ஒட்டுப் போடவும் முடியாது. நீளம் மிஞ்சினால் இரண்டு மூன்று சுற்றாக வளைத்து விடுங்கள், இன்ஜின் அதிர்வை அது தாங்கும்.

அந்தக் குழாயின் முனையிலுள்ள, சூட்டை உணரும் பல்ப் புது இன்ஜினின் சென்சார் துளையில் நுழையாது. வழி இரண்டு: தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) ஹவுசிங்கில் ஒரு பாஸ் (உள்ளே மரை வெட்டிய தடித்த வளையம்) வெல்டிங் செய்வது, அல்லது மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் பாஸ் வைத்த அலுமினியக் குழாய் செருகுவது. முதலாவதே சிறந்தது. தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கமாக பல்ப் இருக்க வேண்டும். ஹோஸில் வைத்தால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை முள் அசையாது. தண்ணீர் ஒழுகிப் போய்விட்டாலோ, இன்ஜின் கொதிக்கும்போதும் 'கூல்' என்றே காட்டும்.

அடாப்டரை லேத் பட்டறையில் அறுகோணப் பித்தளை ராடில் கடையச் சொல்லுங்கள். கும்பகோணம் பக்கம் பித்தளைக்குப் பஞ்சமில்லை, ஆனால் நாச்சியார்கோவில் விளக்குக்கு வார்க்கிற மாதிரி வார்த்த துண்டில் கடைய வேண்டாம்; வார்ப்பில் நுண்துளை இருந்தால் அழுத்தத்தில் தண்ணீர் கசியும். ஸ்மித்ஸ் (மீட்டர் கம்பெனி) வகை பல்ப் நட்டுக்கு 5/8 அங்குல யூஎன்எஃப் (நுண் மரை வகை), அங்குலத்துக்கு 18 மரை. புது இன்ஜின் பக்க மரையை மரை கேஜ் வைத்து அளந்து சொல்லுங்கள், கண்ணளவு வேண்டாம்.

ஒற்றை வயர் யூனிட் என்றால் எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கும். டெஃப்ளான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் முள் தவறாகக் காட்டும். ரப்பர் ஹோஸ் நடுவே வைத்த குழாய்க்கோ எர்த்தே கிடையாது. தனி வயர் இழுக்க வேண்டும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜினாக இருந்தால், அதன் கம்ப்யூட்டரான ஈசியூவின் இரண்டு வயர் சென்சாரைத் தொடவே கூடாது. 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டுகிற வகை அது. பழைய மீட்டருக்குப் பொருந்தாது. அதிலிருந்து மீட்டருக்கு வயர் பிரித்து எடுத்தால் ஈசியூவும் குழம்பும்.

பழைய யூனிட் கிடைக்காமல் வேறு யூனிட் போட்டால், அதை வெந்நீரில் தொங்கவிட்டு, தெர்மோமீட்டர் பக்கத்தில் இருக்க, 85 டிகிரியில் ஓம் அளந்து எழுதுங்கள். முள் நடுவில் நிற்க 70 ஓம் வேண்டும், யூனிட் 110 தருகிறது என்று வையுங்கள். யூனிட்டுக்கு இணையாக 180 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டால் மொத்தம் 68 ஓம். யூனிட் குறைவாகத் தந்தால் தொடராக ரெசிஸ்டர். இந்த வித்தை ஒரு புள்ளியில் மட்டும் சரியாக இருக்கும், டயல் முழுக்க அல்ல. ஓடும் சூட்டில் சரியாக இருந்தால் போதும்.

பெட்ரோல் மீட்டர்

டேங்க்கும் டேங்க் யூனிட்டும் மாறவில்லை, ஆகவே இது தானாகவே வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் வயரிங்கில் கை வைத்தவர் ஸ்டெபிலைசரை (மீட்டருக்குப் போகும் வோல்ட்டைக் குறைத்து நிலையாக வைக்கும் கருவி) தாண்டிக் கட்டியிருப்பார். சாவி போட்டதும் முள் மெல்ல ஏறுகிறதா? அது 10 வோல்ட்டில் ஓடும் பைமெட்டல் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) மீட்டர். நேராக 13.8 வோல்ட் கொடுத்தால் உள்ளே சூடு 1.9 மடங்கு, முள் எப்போதும் ஃபுல், நாளடைவில் சுருளும் கருகும். இதற்கு 7810 ரெகுலேட்டர் ஐசி போதும். அதன் உலோக முதுகு எர்த் என்பதால் மைனஸ் எர்த் வண்டியில் நேராகப் பாடியில் திருகலாம். இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர்.

டேங்க் வயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே 68 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். ஸ்மித்ஸ் பைமெட்டல் மீட்டர் ஏறக்குறைய பாதி காட்ட வேண்டும். சாவி போட்டதும் முள் துள்ளி ஏறினால் அது வேறு ஜாதி, ஸ்டெபிலைசர் தேவையில்லை. அதில் வயர் அறுந்தால் ஃபுல், வயர் எர்த் ஆனால் காலி. திறந்த டேங்க் பக்கத்தில் பொறி பறக்க விட வேண்டாம். சோதனையெல்லாம் டாஷ்போர்டு முனையில்.

ஆயில் மீட்டர், ஆம்ப்ஸ் மீட்டர்

ஜப்பானிய இன்ஜின்களின் ஆயில் துளை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை), அங்குலத்துக்கு 28 மரை. கடையில் எளிதில் கிடைப்பது 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), 27 மரை. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அழுத்தித் திருப்பினால் ஹவுசிங் விரியும். வார்னிங் லைட் சுவிட்சும் மீட்டரும் சேர்ந்து வேண்டுமென்றால் டீ (மூன்று வாய் இணைப்பு) போடலாம், ஆனால் கனமான யூனிட்டை டீயில் தொங்கவிடக் கூடாது. அதிர்வில் பித்தளை முறிந்தால் ஆயில் முழுக்க ரோட்டில். பின்னல் ஹோஸ் வழியாக யூனிட்டை ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) கொண்டு போங்கள்.

30 வரை குறித்த ஆம்ப்ஸ் மீட்டர் டைனமோ காலத்துச் சரக்கு. 60 ஆம்ப் ஆல்டர்னேட்டரின் கரண்ட்டை அதன் வழியாக விட்டால் தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஃபியூஸ் லிங்க்கோடு தனியாகத் தடித்த கேபிள் போடுங்கள். பழைய மீட்டர் லோடு பக்கம் மட்டும் பார்க்கட்டும். சார்ஜ் லைட்டின் 2.2 வாட் பல்பை எடுத்துவிட வேண்டாம். அந்த பல்ப் வழியாகத்தான் பல ஆல்டர்னேட்டர்கள் எழும்பும்.

ஸ்பீடோமீட்டர்

இரண்டு கியர் பெட்டிகளும் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிளை ஒரே எண்ணிக்கையில் சுற்றாது. கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, உள் கம்பி முனையில் அட்டை அம்பு செருகுங்கள். கல்லணைக் கால்வாய்க் கரை ரோடு மாதிரி சமமான இடத்தில், நியூட்ரலில், டேப் வைத்து அளந்த 20 மீட்டர் தள்ளி, சுற்றுகளை எண்ணி 50ஆல் பெருக்குங்கள். 15 சுற்று என்றால் கிலோமீட்டருக்கு 750. டயலின் அடியில் பொடி எழுத்தில் 640 (கிலோமீட்டருக்கு மீட்டர் எதிர்பார்க்கும் சுற்று) என்று இருந்தால், உண்மையில் 60 போகும்போது முள் 70 காட்டும். பெட்டியிலுள்ள ஸ்பீடோ பினியனுக்கு (கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) 18 பல் என்றால் 21 பல் வேண்டும் (18 × 750 ÷ 640). விட்டம் மாறுவதால் பினியன் ஹவுசிங்கும் சேர்த்தே மாற வேண்டியிருக்கும். பினியன் கிடைக்காவிட்டால் இடையில் ரேஷியோ பெட்டி (சுற்று எண்ணிக்கையை மாற்றும் சின்ன கியர் பெட்டி).

கேபிளை 15 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் முள் ஆடும். மீட்டர் பக்கத்துக் கடைசி 15 செ.மீ.யில் கிரீஸ் தடவ வேண்டாம், ஏறி மீட்டருக்குள் போய்விடும். பிறகு போனில் ஜிபிஎஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். முள் 60இல் நிற்கும்போது ஜிபிஎஸ் 57, 58 காட்டினால் விட்டுவிடலாம். 62 காட்டினால் மறுபடி பினியனைக் கழற்ற வேண்டும்.