மூன்று நிமிடப் படிச் சோதனை: உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்

நடைப்பயிற்சியால் உடல்திறன் கூடுகிறதா என்று பார்க்க லேப் தேவையில்லை. 30 செ.மீ. உயரமுள்ள, ஆடாத பலகை போதும். போனில் மெட்ரோனோம் (சீரான தாளத்தில் தட்டும்) செயலியை நிமிடத்துக்கு 96 தட்டு என வைத்து, தட்டுக்கு ஒரு கால் என நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குங்கள். 3 நிமிடம் முடிந்ததும் சட்டென்று உட்கார்ந்து, ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். பெங்களூரு அபார்ட்மென்ட் மாடிப்படி சரிவராது. ஒரு படி ஏறக்குறைய பாதி உயரம்தான்.

திறன் கூடும்போது இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதும், ஓய்ந்ததும் சீக்கிரம் இறங்கும். ஆனால் இதை வைத்து வி.ஓ.2 மேக்ஸ் (உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு) கணக்கிட்டால் அது தோராயம்தான். கால் நீளம், தூக்கம், காபி எல்லாமே எண்ணை மாற்றும். அதனால் நண்பரோடு ஒப்பிட வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே பலகை, அதே நேரம், காலைக் காபிக்கு முன். மே மாதம் சென்னைக்குப் போனபோது எடுத்த எண்ணைச் சேர்க்காதீர்கள், வெக்கைக்கே துடிப்பு ஏறிவிடும்.

பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண் பொருந்தாது, மருந்தே துடிப்பைக் குறைத்துக் காட்டும். இதய நோய், முட்டி வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. நடுவில் தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.