ஓய்வெடுக்க வந்து களைத்துப்போகும் வழிகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் எங்கள் பழைய பலகை வீட்டை, ஓய்வுக்கு வருகிறவர்களுக்கு விடுகிறேன். ரிசார்ட் எல்லாம் இல்லை. நாலு அறை, முன்னால் ஒரு அஞ்சடி (திண்ணை மாதிரி), பின்னால் ரம்புத்தான் மரம், சாப்பாடு நான் போடுவேன், அவ்வளவுதான். கோலாலம்பூர், கிள்ளான் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் ஓய்வுக்கென்றே லீவு போடுவது அதுதான் முதல் தடவை. வந்து ஒரே மாதிரி தவறுகளை, கிட்டத்தட்ட ஒரே வரிசையில் செய்கிறார்கள். அதில் பாதி ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் நடந்ததுதான் என்பதால் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. போனை அணையுங்கள், லேப்டாப்பை விட்டுவிட்டு வாருங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது தெரிந்தே செய்கிற தவறு, சொல்லி ஒன்றும் ஆகாது.

பள்ளி விடுமுறையில் கேமரன் மலை

வேண்டாம். அந்த மலையில் இருக்கிற தானா ராத்தாவின் குளிர் எங்கேயும் ஓடிப்போகாது, பள்ளி திறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.

அம்மாவுக்கு ஓய்வு என்று சொல்லிக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வருவது

போன் வரும்போதே தெரிந்துவிடும். மகன் பேசுவார். "ஆண்டி, அம்மா ரொம்ப டயர்டா இருக்காங்க, மூணு நாள் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு பார்க்கிறோம்." நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டே எத்தனை பேர் என்று கேட்டால் ஏழு பேர் என்பார். அம்மா, அப்பா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு, அப்புறம் தனியாக விட்டுவர முடியாத பாட்டி. வண்டி வந்து நின்றதும் முதலில் இறங்குவது ரைஸ் குக்கர்.

அடுத்த நாள் விடியற்காலையில் என் குசினியில் விளக்கு எரியும். யாரென்று கேட்கவே வேண்டாம். "அக்கா, நீங்க போய்ப் படுங்க, நான் கலக்கித் தரேன்" என்றால், "இல்லம்மா, அவருக்கு என் கைக் கோப்பிதான் இறங்கும்" என்பார். சின்னவன் மற்றவர் கையால் ஊட்டினால் சாப்பிட மாட்டான். பாட்டிக்கு மாத்திரை எது முதலில் எது அப்புறம் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவோ அறைக்குள்ளிருந்தே துண்டு எங்கே என்று கேட்பார். ஆக, வீட்டில் செய்கிற வேலை அத்தனையும் இங்கேயும் நடக்கும், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு குசினியில். அது வீட்டில் செய்வதைவிட அலுப்பு.

கிள்ளான் பக்கம் காப்பாரிலிருந்து ஒரு அக்கா இப்படித்தான் வந்தார், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவர். இரண்டாம் நாள் எல்லாரும் கோலா வோ ஆற்றுக்குப் போய் நனைந்துவிட்டு வந்தார்கள். ராத்திரி நான் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், பேசத்தான் வருகிறார் என்று நினைத்தேன், வாஷிங் மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஏழு பேர் ஈரத்துணி. அன்று காலையில்தான் மகன் அவரை ஊஞ்சலில் உட்காரவைத்துப் படம் எடுத்து, அம்மா ரெஸ்ட் எடுக்கிறார் என்று முகநூலில் போட்டிருந்தார். படத்துக்காக உட்கார்ந்ததோடு சரி, அதற்கப்புறம் அந்த ஊஞ்சல் பக்கம் அவர் போகவே இல்லை.

இதில் போன பணத்தைக்கூட விடுங்கள். கொஞ்ச நாள் கழித்து அதே அக்கா எனக்குப் போன் செய்தார், தனியாக வந்தால் என்ன வாடகை என்று. சொன்னேன். ஆனால் வரவில்லை. கேட்டதற்கு, வீட்டில் பேச்செடுத்தாராம், "போன மாசம்தானேமா தாப்பா போய் ரெஸ்ட் எடுத்துட்டு வந்தீங்க" என்று பதில் வந்ததாம். இதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காத இடம். ஓய்வும் கிடைக்கவில்லை, கேட்கிற உரிமையும் தீர்ந்துபோய்விட்டது. குடும்பக் கணக்கில் அவர் ஓய்வெடுத்தாயிற்று. இனி அவர் களைப்பாக இருக்கிறது என்றால் அது பிடிவாதம்.

லீவும் போகிறது. 1955 வேலைச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தபட்சம் 8 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 12, அதற்கு மேல் 16. கேன்டீனில் புதிதாகச் சேர்ந்தவர் அந்த எட்டில் மூன்றை என் குசினியில் பாத்திரம் கழுவிக் கரைத்துவிட்டுப் போனால் மீதி எத்தனை என்று நீங்களே பாருங்கள். வீட்டோடு இருக்கிற பெண்களுக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு நாள்கூட எழுதியிருக்கவில்லை. தோட்டத்தில் எங்கள் அம்மா காலத்துப் பெண்கள், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் சமைத்து வைத்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். வெட்டு முடிந்து திரும்பினால் லயத்து வீட்டு வேலை காத்திருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, செம்பனை வந்த பிறகும், மகள்கள் ஆபீசுக்குப் போகிற காலத்திலும்.

வேலைக்குப் பிறகு மனிதர் எப்படித் தேறுகிறார் என்று சபீன் சோன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007இல் நான்கு விஷயங்களை வகைப்படுத்தினார்கள்: மனம் வேலையை விட்டு விலகுவது, உடம்பும் மனமும் தளர்வது, புதிதாக ஏதாவது கற்றுத் தேறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. முதல் இரண்டை எல்லாரும் பேசுகிறார்கள். நான் இங்கே பார்க்கிற வரை அடிபடுவது நான்காவதுதான். ஏழு பேரில் எப்போது சாப்பிடுவது, எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்கிறவர் ஒருவர், அதற்கு ஏற்றபடி ஓடுகிறவர் இன்னொருவர். ஓடுகிறவர் பேரில்தான் புக்கிங்.

எனவே கிளம்பும் முன் இடத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். பாட்டியின் மாத்திரை யார் கையில், சின்னவனைப் பள்ளியில் விடுவது யார், மூன்று நாள் சோறு யார் பொங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வேலை எதுவோ அது உங்களோடு இங்கே வரும். மூன்று நாளுக்கும் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு வருவதும் வேண்டாம். அதற்கு முந்தின இரண்டு நாள் போய்விடும், வந்து சேரும்போதே காலில் வீக்கம் இருக்கும். ஒரு தடவை ஒரே ஒரு இரவு அக்காள் தங்கச்சி வீட்டில் போய்த் தங்கிப் பாருங்கள், எந்த வேலைக்காக எத்தனை மணிக்குப் போன் வருகிறது என்று தெரிந்துவிடும், அதை முதலில் சரிசெய்யலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நீங்கள் ஊட்டிவிட வேண்டியிராத ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

அதுவும் முடியாதா, அப்படியானால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவை வீட்டிலேயே விடுங்கள். ஆறு பேரும் லங்காவிக்கோ பினாங்குக்கோ போகட்டும். இதைச் சொன்னால் எனக்குத்தான் நஷ்டம், இருந்தாலும் இதைவிட மலிவான ஓய்வு கிடையாது.

இப்போதெல்லாம் ஓய்வென்று வருகிறவர் என் குசினிக்குள் வரக்கூடாது என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு ரத்து செய்தவர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.

தே தாரேக்கை வந்த அன்றைக்கே நிறுத்துவது

உடம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று கோப்பி, ஆற்றிய பால் தேநீரான தே தாரேக் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுவார்கள். தினமும் நாலு கிளாஸ் குடிக்கிற உடம்பு சும்மா இருக்காது. கடைசிக் கிளாஸ் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், முதல் இரண்டு நாளில்தான் உச்சத்தில் இருக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். நீங்கள் வந்திருப்பதே அந்த இரண்டு நாளுக்குத்தான். தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டு, இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் வீட்டின் மேல் பழி போட்டுவிட்டுப் போவார்கள். விட வேண்டுமென்றால் வருவதற்கு முந்தின வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இல்லையென்றால் வழக்கம்போல் குடியுங்கள், மதியத்துக்கு மேல் மட்டும் வேண்டாம், ஏனென்றால் குடித்த கஃபீனில் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

காலை 5.30 யோகா, 6.30 நடை, 7.30 தியானம் என்று அட்டவணையோடு வருவது

தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்கள் போதும்.

நாள் முழுக்கத் தூங்குவது

முதல் நாள் தூங்குங்கள், யாரும் எழுப்ப மாட்டோம். இரண்டாம் நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் தூங்கினால் ராத்திரி கொசுவை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பகலில் அரை மணிக்குள் எழுந்துவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரையோடு பட்டினி

இதில் மட்டும் நான் கண்டிப்பு. மூன்று நாள் வெறும் தண்ணீர், அல்லது பழச்சாறு மட்டும் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நம்மவர்களிடம் விகிதம் இன்னும் அதிகம். சர்க்கரையைக் குறைக்கிற கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் சாப்பிடாமல் இருந்தால் மருந்து பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும், சர்க்கரை கீழே இறங்கும்: வேர்வை, கை நடுக்கம், அப்புறம் பேச்சே குழறும். பட்டினி கிடக்க ஆசை என்றால் மருந்து கொடுக்கிற டாக்டரைக் கேட்டு, அவர் சொன்னபடி இருங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் தீர்வில்லை. என் வீட்டில் அந்த மாத்திரை எடுப்பவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, வேண்டாம் என்றாலும் தட்டில் வரும்.

அருவியில் தியானம்

இங்கே வானம் வெளுத்திருக்கும், மலை மேலே கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்குவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை அதிகம், அப்போது மதியத்துக்கு மேல் ஆற்றில் இறங்க வேண்டாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் இலையும் சேர்ந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

என்ன களைப்பு என்றே பார்க்காமல் வருவது

நன்றாகத் தூங்கியும் மாதக்கணக்கில் தீராத களைப்புக்கு ரம்புத்தான் மர நிழல் மருந்தாகாது. இரத்தச்சோகை, தைராய்டு, நீரிழிவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற தூக்கம், மனச்சோர்வு, இதில் எதுவாகவும் இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான். முதலில் அங்கே போய் இரத்தம் கொடுத்துப் பாருங்கள், என் அறை வாடகை அதைவிடக் கூடுதல்.

ஞாயிறு சாயங்காலம் வரை இழுப்பது

கட்டிய காசுக்குக் கடைசி நிமிடம் வரை இருந்துவிட வேண்டும் என்று ஞாயிறு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஊரே அந்த நேரத்தில்தான் பிளஸ் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பும். வீடு போய்ச் சேர ராத்திரி பத்து, மறுநாள் காலை வேலை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுங்கள், ஞாயிறு முழுக்க வீட்டில் துணி மடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம், அந்தத் துணியையும் வேறு யாராவது மடித்தால் இன்னும் நல்லது. கார் ஓட்டுவதே அலுப்பு என்றால் ரயிலில் வாருங்கள், இ.டி.எஸ். மின்ரயில் தாப்பா ரோடு நிலையத்தில் நிற்கும். நிலையம் டவுனிலிருந்து தள்ளி இருக்கிறது, நேரம் சொன்னால் வண்டி அனுப்புகிறேன். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், வார இறுதியில் கடைசி நேரத்தில் கிடைக்காது.