மூளை போடும் சத்தக் கணக்கைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி

இப்போதே வாயை மூடிக்கொண்டு ம்ம்ம்ம் என்று நீளமாக முனகுங்கள், முனகிக்கொண்டே ஒரு காதை மட்டும் விரலால் அடையுங்கள். நியாயப்படி அடைத்த காதில் சத்தம் குறைய வேண்டும், ஆனால் அந்தக் காதுக்குள்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் குரல் காற்று வழியாக மட்டும் நமக்கு வருவதில்லை. தாடை, மண்டை எலும்பு வழியாகவும் வந்து காதுத் துளையின் சுவரை அதிரவைக்கிறது. அந்தச் சத்தம் வழக்கமாக வெளியே கசிந்துவிடும், விரலை வைத்ததும் போக வழியில்லாமல் செவிப்பறையில் மோதுகிறது. பதிவு செய்த குரலைக் கேட்டு "ஐயே, இதுவா நான்" என்று கூசிப்போகிறோமே, அந்தப் பதிவில் இந்த எலும்பு வழிப் பங்கு இல்லாததால்தான். மற்றவர்கள் கேட்பது என்னவோ அந்தக் குரலைத்தான், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, எனக்குப் பிடித்த சோதனைக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் ட்யூப், ஒரு பேனா, உதவிக்கு ஒரு ஆள், இவ்வளவு போதும். ட்யூபின் நடுவை அளந்து கோடு போடுங்கள். முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு இரண்டு முனைகளையும் இரண்டு காது வாசலிலும் வையுங்கள் (துளைக்குள் திணிக்காதீர்கள்), கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உதவிக்கு வந்தவர் பேனாவால் மெதுவாகத் தட்ட வேண்டும், முதலில் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அப்புறம் நான்கு விரல் அகலம், அப்புறம் ஒரு சென்டிமீட்டர். ஒவ்வொரு தட்டுக்கும் இடதா வலதா என்று சொல்லுங்கள். இருபது தட்டாவது தட்டி எழுதிவைக்கச் சொல்லுங்கள், ஐந்துக்கு நான்கு சரி என்பதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டத்திலேயே வந்துவிடும்.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை நெருங்கியும் பெரும்பாலும் சரியாகவே சொல்வீர்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் தட்டினால் இடது காதுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு, வலது காதுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதல், ஆக இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, அப்படியானால் இடது காது முந்துவது சுமார் 60 மைக்ரோ நொடி. நரம்பில் ஓடும் ஒரு மின்துடிப்பு முடியவே ஏறக்குறைய ஆயிரம் மைக்ரோ நொடி ஆகும்! ட்யூபுக்குள் இரண்டு பக்கமும் சத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் துப்பு இந்த நேர வித்தியாசம் மட்டும்தான். மூளைத்தண்டில் இரண்டு காதின் செய்தியும் முதன்முதலில் சந்திக்கும் இடத்திலேயே இந்த ஒப்பீடு நடந்துவிடுகிறது, நீங்கள் யோசிக்கவே வேண்டாம், "இடது" என்ற விடை மட்டும் கைக்கு வருகிறது. ட்யூப் இல்லாத நேரத்தில் கீச்சென்ற ஒலிகளுக்கு இன்னொரு துப்பும் உண்டு, தலை குறுக்கே நின்று மறுபக்கக் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைத்துவிடும்.

ஆனால் ஒரு சத்தம் நேர் முன்னாலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ வந்தால் இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. அப்போது? கண்ணை மூடி உட்காருங்கள், உதவியாளர் மூக்குக்கு நேராகவும், உச்சந்தலைக்கு மேலும், பின்னாலும் மாற்றி மாற்றிச் சாவிக்கொத்தை ஆட்டட்டும். எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். இப்போது காது மடல்களின் மடிப்புகளை விரலால் அமுக்கி, துளையை மட்டும் திறந்துவிட்டு, தலையை அசைக்காமல் திரும்பச் செய்யுங்கள். குழம்பும். ஒலி எந்தத் திசையில் வருகிறதோ அதற்கேற்ப மடல் மடிப்புகள் சில அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கின்றன, உங்கள் மடல் செய்யும் இந்த மாற்றம் உங்கள் மூளைக்கு அத்துப்படி. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மடலுக்குள் அச்சு வைத்து வடிவத்தையே மாற்றினார்கள், மேலா கீழா என்று முதலில் தடுமாறியவர்கள் சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள், அச்சை எடுத்ததும் பழைய காதும் அப்படியே வேலை செய்தது.

அடுத்தது இரண்டு போன்களில் டோன் ஜெனரேட்டர் செயலி (கேட்ட அலைவரிசையில் ஒரே ஒலியை விடாமல் எழுப்பும்). ஒன்றில் 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு), இன்னொன்றில் 444, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் நொடிக்கு நான்கு முறை சத்தம் ஏறி இறங்கும். இரண்டாவதை 470க்கு ஏற்றினால் கரகரப்பு, 600க்குப் போனால் தனித்தனியாக இரண்டு ஒலிகள். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவை நீட்டினால் சுமார் 3.5 சென்டிமீட்டர், கீச்சு ஒலிகள் அதன் வாசலருகே, கனத்த ஒலிகள் கடைசி முனையில் என்று ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஓர் இடம். (இதைக் கண்டுகாட்டிய விஞ்ஞானி பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு.) இடங்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பிரிக்க முடியாமல் கரகரக்கிறது, விலகியிருந்தால் பிரிகிறது. ஹெட்போனில் ஒரு காதுக்கு 440, மறு காதுக்கு 444 கொடுத்தாலும் மெலிதாக அந்தத் துடிப்பு கேட்கும், இரண்டும் காற்றில் கலக்கவே இல்லை, கலப்பது மூளைத்தண்டில். இதைக் கேட்டால் தூக்கம் வரும், மனசு அடங்கும் என்று விற்கிறவர்களை நான் நம்புவதில்லை, ஆனால் சோதனையாக அருமை.

கடைசியாக, ஹெட்போனில் ஒவ்வொரு காதாக, குறைந்த சத்தத்தில் 8,000 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றிக்கொண்டே போய் எங்கே காணாமல் போகிறது என்று பாருங்கள். 20,000 வரை என்பது இளம் வயதுக் கணக்கு, வயது ஏற ஏற மேல் முனையிலிருந்துதான் குறையும். கேட்கவில்லையே என்று வால்யூமை மட்டும் ஏற்றாதீர்கள். கேட்காத ஒலியும் உள்காதில் சத்தத்தை உணரும் மயிரிழைச் செல்களை அடிக்கும், அவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஹெட்போனும் இந்த உச்ச அலைவரிசைகளில் சொதப்பும், அதனால் வரும் எண்ணை மருத்துவப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்ட பிறகும் ஒரே காது மட்டும் தெளிவாகப் பின்தங்கினால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு நடை போய்வாருங்கள்.