இறைச்சியும் பாலுமின்றி நெடுந்தூரம் ஓடுதல்: டர்பன் சமையலறையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

டர்பனில் புரட்டாசி முழுவதும் இறைச்சியை விலக்கி வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. மாதம் முடிந்ததும் அவ்வீடுகளின் அடுப்பில் கோழிக் குழம்பு ஏறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு புரட்டாசி முடிந்தபோது நான் இறைச்சிக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு பாலையும் நிறுத்திக்கொண்டேன். அதே காலத்தில்தான் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் என்னும் நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குப் பயிற்சியையும் தொடங்கினேன். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியது விவேகமன்று என்பதைத் தாமதமாகவே உணர்ந்தேன். காலணி, பயிற்சி அட்டவணை ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. பத்து கிலோமீட்டர் சிரமமின்றி ஓடத் தெரிந்து, தட்டில் எதை வைப்பது என்று மட்டும் குழம்புகிறவர்களுக்கான பதிவு இது.

முதற்படி: இரண்டு வாரம் எடைபோட்டுச் சாப்பிடுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது புரதத்தைப் பற்றித்தான். நெடுந்தூர ஓட்டக்காரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை நாளொன்றுக்குப் போதும் என்று கொண்டால், 70 கிலோ எடையுள்ள எனக்கு 84 முதல் 112 கிராம் வரை தேவை. காலையில் நிலக்கடலை வெண்ணெய் இரண்டு கரண்டி சேர்த்த மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சியும் ஒரு குவளை சோயாப் பாலும், நண்பகலில் சோற்றுடன் ஒரு கோப்பை சுகர் பீன்ஸ் (புள்ளியுள்ள காய்ந்த பீன்ஸ்) கறியும், இரவில் ரொட்டியுடன் ஐம்பது கிராம் உலர் சோயா மின்ஸில் (கொத்துக்கறி போன்ற சோயாத் துகள்) செய்த கறியும் ஒரு கோப்பை பருப்பும் என்று சாப்பிட்டாலே தொண்ணூறு கிராமைத் தாண்டிவிடுகிறது. கைபேசிச் செயலிகளை நான் விரும்புவதில்லை. நம் வீட்டுக் குழம்பின் அளவு அவற்றுக்குத் தெரியாது. சமையலறைத் தராசும் ஒரு நோட்டுப்புத்தகமும் போதும். இரண்டு வாரத்தில் கண்ணளவு பழகிவிடும். அதன் பிறகு தராசை அலமாரிக்குள் வைத்துவிடலாம்.

அந்த நோட்டுப்புத்தகம் எனக்குக் காட்டியது வேறொன்று. புரதம் குறையவில்லை, மொத்த உணவே குறைந்திருந்தது. காயும் பயறும் வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடுவதால், ஓட்டத்திற்கு வேண்டிய ஆற்றல் உள்ளே போவதற்கு முன்பே கை கழுவிவிடுகிறோம். ஓடும் நாள்களில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கு அஞ்ச வேண்டாம்.

இரண்டாம் படி: இரும்புச்சத்தும் தேநீரும்

என்னை வீழ்த்திய படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பாலை நிறுத்திய எட்டாவது மாதத்தில், பைன்டவுனிலிருந்து குளூஃப் நோக்கி ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் என் கால்கள் காலியாகிவிட்டன. மூச்சு வாங்கியது, முந்தைய ஆண்டு பேசிக்கொண்டே ஏறிய மேட்டில் நடக்க வேண்டியதாயிற்று. முதலில் பார்த்த மருத்துவர் ஹீமோகுளோபினை மட்டும் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆறு வாரம் ஓய்வெடுத்தும் பயனில்லை. அதன் பிறகு நானே கேட்டு ஃபெரிட்டின் சோதனை செய்துகொண்டேன். 14 என்று வந்தது. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. அது 30க்குக் கீழே இறங்கினாலே சேமிப்பு வற்றிவிட்டது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஹீமோகுளோபின் குறைவது அதற்குப் பின்னர்தான். ஆகவே சோதனைக்குப் போகும்போது ஃபெரிட்டினைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கீரையும் பயறும் தினமும் சாப்பிட்டும் ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை என் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டை எடுக்கும்போதே அடுத்த கையில் தேநீர்க் கோப்பை வந்துவிடும். பாலை நிறுத்திய பிறகு நான் இன்னும் திடமாக, கறுப்புத் தேநீராகவே குடித்து வந்தேன். பயறு, கீரை, தானியங்களில் உள்ள இரும்பு இறைச்சியின் இரும்பைப் போல எளிதில் உடலில் சேராது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் அதனுடன் பிணைந்து, சேரக்கூடியதிலும் பாதிக்கு மேல் தடுத்துவிடுகின்றன. காபியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நான் செய்த மாற்றங்கள் இவை. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளினேன். பயறுள்ள ஒவ்வொரு வேளையிலும் எலுமிச்சை பிழிந்துகொண்டேன், அல்லது கொய்யா ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். எங்கள் குவாசூலு நட்டால் மாகாணத்தில் குளிர்காலக் கொய்யா மலிவு, ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ளது. சுகர் பீன்ஸை இரவே ஊறவைத்து, காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் பிரஷர் குக்கரில் வேகவைத்தேன். இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டேட் இதனால் குறைகிறது. டின் பீன்ஸை நான் அவசரத்துக்கு மட்டுமே திறக்கிறேன்.

மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள்; தேவையற்ற இரும்பு உடலில் தேங்கித் தீங்கு செய்யும். எனக்கு எழுதித் தந்தபோது, அதைக் காலையில் ஓட்டத்திற்கு முன்பே போட்டுக்கொண்டேன். கடுமையான ஓட்டம் முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் ஹெப்சிடின் என்னும் சுரப்பு உயர்ந்து, குடல் இரும்பை ஏற்பதைக் குறைத்துவிடுகிறது என்பதே காரணம். நான்கு மாதத்தில் என் ஃபெரிட்டின் 41 ஆயிற்று.

மூன்றாம் படி: வைட்டமின் பி12

இங்கே விவாதத்துக்கு இடமில்லை. பாலும் தவிர்த்தவர்கள் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000. ஸ்பைருலினா என்னும் பாசிப் பொடியை நம்ப வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் மீலி மீலிலும் ரொட்டி மாவிலும் சட்டப்படி சத்துகள் சேர்க்கிறார்கள். இரும்பும் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு, பி12 இல்லை. ஃபோலிக் அமிலம் போதுமான அளவு இருந்தால், பி12 குறைவால் வரும் இரத்தசோகை வெளியே தெரியாமலேயே நரம்புகள் பாதிக்கப்படலாம். பாதத்தில் மரமரப்பு ஏற்பட்டால் ஓட்டக்காரர் காலணியைத்தான் குறை சொல்வார், சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள்

வாரம் முழுவதும் நன்மை செய்த பயறு, வெள்ளி இரவில் பகையாகிவிடும். ஒரு வெள்ளியன்று குவார்ட்டர் பீன்ஸ் பன்னி ஒன்றை (கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியது), ரொட்டியின் அடிப்பாகம் வரை விடாமல் தின்றுவிட்டு, மறுநாள் கடற்கரை நடைபாதையில் முப்பது கிலோமீட்டர் ஓடப் புறப்பட்டேன். புளூ லகூன் திருப்பத்தை அடைவதற்குள் வயிறு புரட்டியது. அடுத்த கழிப்பறை வரையிலான தூரத்தை இன்றும் என்னால் அடிக்கணக்கில் சொல்ல முடியும். அன்றிலிருந்து வியாழன் இரவோடு பயறை நிறுத்திவிடுகிறேன். வெள்ளியன்று வெள்ளைச் சோறு, தோலுரித்த உருளைக்கிழங்குக் கறி, வெள்ளை ரொட்டி, ஜாம். சத்துணவு அறிஞர்கள் முகம் சுளிக்கும் தட்டுதான். அந்த ஒரு நாளுக்கு அதுவே சரி.

ஐந்தாம் படி: ஓடும்போது

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். உப்புத் தூவிய நடுத்தர அளவுள்ள அவித்த உருளைக்கிழங்கு ஒன்றில் ஏறத்தாழ முப்பது கிராமும், பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் பதினெட்டும் கிடைக்கும். ஜெல் பொட்டலங்கள் விலை அதிகம், வாயெல்லாம் பிசுபிசுக்கும். தேன் கலந்தவையும் உண்டு, தேனையும் தவிர்ப்பவர்கள் கவனியுங்கள். வழியோரத்தில் அன்போடு நீட்டும் ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். நன்றி சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

சோயா மின்ஸை மேலே பரிந்துரைத்ததைப் படித்த ஒருவர், தாம் வாங்கிய பொட்டலத்தில் பால் பொடி இருந்ததாக எழுதியிருந்தார். அவர் சொன்னது சரியே. சுவையூட்டிய வகைகளில் இறைச்சி இல்லாவிட்டாலும் பால் சார்ந்த பொருள் இருக்கக்கூடும், பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். சுவை சேர்க்காத வகையை நம் மசாலாவில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தேநீர் இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகவே தோன்றவில்லை என்று பலர் வருந்தியிருந்தனர். ரூயிபாஸ் என்னும் தென்னாப்பிரிக்கச் செடியின் இலைத் தேநீரில் துவர்ப்புப் பொருள் குறைவு. நான் இப்போது உணவுக்குப் பின் அதைத்தான் குடிக்கிறேன். முதல் வாரம் பிடிக்காது.

காவடிக்கு விரதம் இருக்கும் நாள்களில் நீண்ட ஓட்டத்தை எப்படி அமைப்பது என்றும் ஒரு தம்பி கேட்டிருந்தார். அமைக்க வேண்டாம். ஒருவேளை உணவு மட்டும் உண்ணும் நாளில் மெதுவாக ஐந்து கிலோமீட்டர் போதும். மலையேற்றப் பயிற்சியைக் காவடி இறக்கிய பின்பு வைத்துக்கொள்ளுங்கள்.